கத்திரி வீட்டுக்கு வரவில்லை

– நில்லுங்க. பையைக் காட்டுங்க.

– ஏட்டி ஆஷா, புருஷன் வேலை முடிஞ்சு வாரான். தண்ணி குடுப்பியா, சோதனை போடுவியா?

– துணி வெட்டுத கத்திரி இருக்கான்னு பாக்கணும். ஒங்க கத்திரி வீட்டுக்கு வந்துட்டா வேலை போயிட்டுன்னு அர்த்தம். பெருமாநல்லூர் கம்பெனியில இருந்து அப்படித்தான் வந்திய. ராயபுரத்துல இருந்தும் அப்படித்தான் வந்திய.

– நல்லாத் தேடு. டிபன் டப்பா, துண்டு, பாதி வடை. வடை ஒனக்கு.

– கத்திரி எங்க?

– முதலிபாளையம் கம்பெனியில, என் கட்டிங் டேபிள் மேல ஜம்முனு கெடக்கு.

– அப்போ வேலையை விடலியா?

– விடலை.

– நெசமாவே விடலியா?

– மாதா மேல சத்தியமா விடலை. என்னட்டி, துள்ளிக் குதிப்பேன்னு பார்த்தா புளிச்ச மோரைக் குடிச்ச மாதிரி உக்காந்துட்ட?

– ஒண்ணுமில்ல. நாகஜோதி மத்தியானம் போன் போட்டா. எல்லாருக்கும் முன்னால வச்சு ஓனர் ஒங்களைக் கிழிச்சாராமே.

– அவ செக்கிங்ல பீஸைப் பாக்காளா, என்னையப் பாக்காளா? சரி, கேளு கதையை. நேத்து சாயங்காலம் லைக்ரா துணி வந்துது. ரோலைப் பிரிச்சு விரிச்சுப் போட்டேன். லைக்ராவை ஒரு நாள் முழுக்க சும்மா கெடக்க விடணும். இழுத்து இழுத்துச் சுத்தின துணிலா, அது பழைய நெலைக்கு வரணும். வந்த வேகத்துல வெட்டினா, வெட்டின பொறவு சுருங்கிரும். அப்பனுக்குத் தைச்ச டீ ஷர்ட்டை மகன்தான் போடணும்.

– கல்யாணமான நாள்ல இருந்து இதைச் சொல்லுதிய. பொறவு?

– காலைல கிட்டுசாமி ஓனர் வந்தாரு. "ஏனுங்க மாஸ்டர், துணி தூங்குதுங்களா, நீங்க தூங்கறீங்களா?"ன்னாரு.

– அப்படியா கேட்டாரு?

– அது சும்மா ஆரம்பம். "இத்தன பேரு மிசின்ல கையக் கட்டிட்டு ஒக்காந்திருக்கறாங்க, கண்ணு தெரியலீங்களா? மாஸ்டர்னு பேரு வெச்சுக்கிட்டாப் போதுங்களா, வேல தெரிய வேண்டாங்களா?"ன்னு டேபிளைத் தட்டினாரு. நம்ம ஊர்ல ஏசினா ஏசினதுதான். இங்கன ஒவ்வொரு ஏச்சுக்கும் வாலுல ஒரு 'ங்க' போட்டுல்லா ஏசுதாவ! திருப்பி ஏசினா நமக்குத்தான் மரியாதை தெரியலைன்னு ஆயிரும்.

– நீங்க என்ன சொன்னிய? உள்ளதைச் சொல்லுங்க.

– உள்ளதைச் சொன்னா, வாய்க்குள்ள எல்லாம் ரெடி. "நீரும் ஒம்ம கம்பெனியும்"னு ஆரம்பிப்பேன்லா, அதேதான். எடது கையில, கத்தி படாம இருக்கப் போடுத அந்தக் கம்பி வலைக் கையுறை போட்டிருந்தேன். அதைக் கழத்தி டேபிள்ல ஓங்கி அடிச்சுட்டுப் பேசினா எடுப்பா இருக்கும்னு தோணிச்சு.

– வேலையை விடுததுலயும் ஒங்களுக்கு அலங்காரம்.

– முழுசாக் கேளு. பக்கிள் கழலலை.

– என்னது?

– மணிக்கட்டுல ஒரு வாரு இருக்கும், அதோட பக்கிள். இழுக்கேன், முறுக்குதேன், பல்லால கடிக்கேன். வரலை. அவரு ஏசிக்கிட்டே இருக்காரு, நான் என் கையையே கடிச்சுத் தின்னுக்கிட்டு நிக்கேன்.

– சிரிப்பு மூட்டாதிய.

– அப்பத்தான் ஃபாதர் சொன்னது நெனவு வந்துது. போன மாசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்லா? "கோவம் வந்தா வாயைத் தொறக்கதுக்கு முன்னால ஒரு பரலோக மந்திரம் முழுசாச் சொல்லும். நடுவுல விட்டா மொதல்ல இருந்து சொல்லும்"னாரு.

– முழுசாச் சொன்னியளா?

– எங்க? அன்னன்னைக்கு உள்ள சாப்பாடு கேக்குத எடம் வரைக்கும் வண்டி நல்லா ஓடுது. அடுத்தது, தீமை செஞ்சவங்களை நாங்க மன்னிக்கிறோம்னு சொல்லுத எடம்லா, அங்கன வந்து மக்கர் பண்ணுது. ஓரக்கண்ணால பார்த்தா எதுக்க ஓனர் மூஞ்சி. இவரையா? மறுபடி மொதல்ல இருந்து. மறுபடி அங்கனயே வந்து நிக்கேன்.

– பொறவு எப்படித் தாண்டினிய?

– நம்ம பிள்ளை வந்துட்டா.

– கம்பெனிக்கா?

– மனசுக்குள்ளட்டி. போன வருசம் நான் வேலையை விட்டதுல அவளுக்கு ஸ்கூல் மாத்தினோம்லா. புது ஸ்கூல் வாசல்ல நின்னு, "அப்பா, இங்க எத்தனை நாள் இருப்போம்?"னு கேட்டா. என் கோவத்தால எத்தனை சிநேகிதியை விட்டுட்டு வந்தவ! ஒரு வார்த்தை ஏசலை. கேட்டா, பொறவு சிரிச்சு டாட்டா காட்டிட்டு உள்ள போயிட்டா. அம்புட்டுப் பெரிய மன்னிப்பை வாங்கி வச்சுக்கிட்டு, ஒரு 'தூங்கறீங்களா'வை மன்னிக்க முடியலியே எனக்குன்னு வெக்கமாப் போச்சு. மந்திரம் தானா முடிஞ்சுது.

– முடிஞ்சு?

– "நாளைக்குக் காலைல வெட்டித் தாரேன் ஓனர். இன்னைக்கு வெட்டினா ஒங்களுக்குத்தான் நஷ்டம்"னேன். அம்புட்டு மெதுவா. எனக்கே இது யாரு பேசுததுன்னு ஆயிட்டு. அவரு என்னையே பார்த்தாரு. திரும்பி ஆபீஸுக்குள்ள போயிட்டாரு.

– பொறவு வரவே இல்லியா?

– வரலை. பஸ்ஸுல நின்னுக்கிட்டே ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு வாரேன். ஒருத்தன் காலை மிதிச்சான், அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன். பக்கிளுக்கு நன்றி, ஃபாதருக்கு நன்றி, பிள்ளைக்கு நன்றி. எல்லாத்துக்கும் மேல ஒனக்கு. நீ ஒருத்தி பொறுமையா இருக்கப் போயிதான்…

– என்னையச் சொல்லாதிய.

– ஏன் சொல்லப்படாது? ஒருநாளாவது படபடன்னு வாயை விட்டிருப்பியா?

– நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

– இன்னைக்குக் கோவத்துக்கு லீவு. சொல்லு.

– நாகஜோதி போனை வச்ச ஒடனே நான் ஓனருக்குப் போன் போட்டேன்.

– யாருக்கு?

– பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்க ஒருதரம் அவரு போன்ல இருந்து என்னையக் கூப்பிட்டியள்லா, அந்த நம்பர் இருந்துது. நீங்க பதில் பேசாம தலையைக் குனிஞ்சு நின்னியன்னு நாகஜோதி சொன்னா. நீங்க தலை குனிஞ்சு நான் கேள்விப்பட்டதே இல்ல. ஆத்திரத்துல நம்பரை அமுக்கிட்டேன்.

– அடியே, நான் செபம்லா சொல்லிக்கிட்டு நின்னேன்!

– அது எனக்கு எப்படித் தெரியும்?

– என்னட்டி சொன்ன அவருகிட்ட?

– என்ன சொல்லலைன்னு கேளுங்க. "லைக்ரா கெடக்கணும்னு எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஓனரு ஒமக்குத் தெரியாதா?"ன்னேன். "எங்க வீட்டுக்காரரைத் தலைகுனிய வைக்க நீரு யாரு?"ன்னேன். கடைசியில, "நாளையில இருந்து அவரு ஒம்ம கேட்டைத் தாண்டி வர மாட்டாரு"ன்னுட்டேன். எப்படியும் கத்திரியோடதான வருவியன்னு நெனச்சேன்.

– சேசுவே.

– ஏசுங்க. ரெண்டு வார்த்தை ஏசிருங்க, எனக்கு மனசு ஆறும்.

– ஏச மாட்டேன். எனக்காக ஒருத்தி இப்படி மல்லுக்கு நின்னிருக்கா. அதுக்கும் நன்றிதான் சொல்லணும். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுச் சொல்லுதேன். ஓனர் என்ன சொன்னாரு?

– நான் பேசின நேரம் முழுக்க ஒண்ணுமே பேசலை. லைன் கட்டாயிட்டோன்னு "அலோ"ன்னேன். அப்பம் ஒண்ணு சொன்னாரு. எனக்கு அழுகை வந்துட்டு, போனை வச்சுட்டேன்.

– என்னதான் சொன்னாரு?

– "இருக்கறனுங்கம்மா. ஒருத்தரு திட்டறப்ப எதுத்துப் பேசாம எப்படி நிக்கறதுன்னு இன்னைக்குக் காலைலதானுங்க மாஸ்டர்கிட்டப் பாத்தேன். நானும் அப்படி நின்னு பாக்கறேனுங்க, நீங்க திட்டுங்க. மாஸ்டரை மட்டும் நாளைக்குக் காலைல அனுப்பிப் போடுங்க."