வெறும் வயிற்றோடு உள்ளே போகக்கூடாது

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில். என் எதிர் இருக்கையில், தங்கச் சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற இருவர். மெலிந்தவருக்கு அன்று பெங்களூரில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை. மற்றவர் துணைக்குப் போகிறார்.

“முப்பது வருஷம் நான் பூமிக்குள்ள போனேன். இன்னிக்கு எனக்குள்ள போறாங்க” என்றார் மெலிந்தவர்.

“லைட்டு போட்டுத்தான் போவாங்க, பயப்படாத. மருந்து குடிச்சியா?”

“நேத்தே குடிச்சேன். பன்னெண்டு தபா போயாச்சு. உள்ள ஒண்ணுமில்ல.”

“காலையில?”

“நாலு இட்லி.”

துணைக்கு வந்தவர் நிமிர்ந்தார். “இன்னாப்பா சொல்ற? வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே!”

“அத என் வூட்டம்மா கைல சொல்லு. ஷிப்டுக்குப் போன ஒரு நாள்கூட வெறும் வயித்தோட அவ என்ன உள்ள அனுப்புனதில்ல.”

“அப்ப இன்னிக்கு டெஸ்ட் எடுக்க மாட்டாங்க.”

“எடுக்க மாட்டாங்களா?” மெலிந்தவர் முகம் முதல் முறையாகத் தெளிந்தது.

“சிரிக்காத. ரத்தம் போவுதுன்னு நீதான சொன்ன? அடுத்த தபா மொத நாளே எங்க வூட்டுக்கு வந்துடு.”

“நீயும் ஷாஃப்ட்ல எறங்கினவன்தான? உன் வூட்டம்மா மட்டும் சும்மா வுட்ருமா?”

துணைக்கு வந்தவர் தன் மடியிலிருந்த டிபன் டப்பாவை மெல்ல இருக்கைக்கு அடியில் தள்ளினார்.