முப்பதடிக்கு மூன்று பகடை

குற்றாலத்துச் சீசன் தொடங்கினால் எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும் சார். நடுவில் தும்மினால் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். பெயர் ஆதித்தன், தென்காசியில் கணக்கு வாத்தியார்.

என் சிநேகிதன் பலவேசம் ரேடியோ கடை வைத்திருக்கிறான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் அத்தான் எண்பத்து நாலில் ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். நடத்துவது பலவேசம். என் வீரன் செங்கோடன். இரண்டு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல், அவனைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். உயிர்ப்புள்ளி இருபது; அடிபட்டால் குறையும், தீர்ந்தால் சாவு.

போன மாசியில் செங்கோடன் முப்பதடிக் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்தான். பத்தடிக்கு ஒரு பகடை உருட்டி, விழுகிற எண்ணைப் புள்ளியில் கழிக்க வேண்டும் என்பது புத்தக விதி. மூன்றும் ஆறாக விழுந்தாலும் பதினெட்டுதான், உயிர் மிஞ்சும். பலவேசம் பகடையைத் தொடவே இல்லை. "முப்பதடியில இருந்து விழுந்தா எவம்லே பொழைப்பான்? செத்துட்டாம்னு எழுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

பிறகு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கம்ப்யூட்டர் அனுப்பினான், டி.வி.யில் சொருகி, பாட்டுக் கேசட்டில் பதிந்து வைக்கிற ரகம். புத்தகத்தை வரி பிசகாமல் அதில் ஏற்றத் தொடங்கினேன். அந்த மூன்று மாதச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. மெஷின் முகதாட்சண்யம் பார்க்காது சார். வாள்வீச்சு, விஷம், பசி எல்லாம் கேசட்டில் ஏறிவிட்டன. விழுகிற விதி வந்ததும் பலவேசம் குறுக்கே வந்தான். "அங்கன மட்டும் நான் சொல்லுத மாதிரி போடு. முப்பதடின்னா சாவு." புத்தகம் சரியா, பலவேசம் சரியா என்று பார்த்துவிட வேண்டியதாயிற்று.

செண்பகாதேவி அருவிக்குப் போகிற வழியில் ஒரு பாறை; கீழே சேறும் சருகும். கயிறு விட்டு அளந்தேன், சரியாக முப்பதடி. சனிக்கிழமை அவனைக் கூட்டிப்போனேன். சாரல் அடித்தது. மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே விளிம்பில் நின்று, "என்னா காத்துலே" என்றான். இரண்டு கையாலும் தள்ளினேன்.

கீழே ஓடினேன், கால் தரையில் பாவவில்லை. இரண்டு காலும் ஒடிந்திருந்தன, ஆனால் பேசினான். ரேடியோ கடைக்காரனே பிழைத்தான் என்றால் செங்கோடன் பிழைத்திருக்க மாட்டானா? ரோடு வரை அவனைத் தோளில் சுமந்தது நான்தான். வழியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறானாம். நல்லவன், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆனால் தானாக வழுக்கினால் பாதிப் புள்ளிதான் குறையும் என்று புத்தகத்தில் தனி விதி இருக்கிறது. அப்படிப் பதிவானால் என் சோதனை செல்லாது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். தள்ளினேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கத்திலேயே நாற்பதடிப் பாறை ஒன்றையும் அளந்து வைத்திருந்தேன். கோபம் இருந்திருந்தால் அவனை அங்கே அல்லவா நிறுத்தியிருப்பேன்? முதலில் அங்கேதான் கூப்பிட்டேன். ஏற்றமாக இருக்கிறது, வர மாட்டேன் என்றுவிட்டான்.