எந்தப் பிட்ட?

"பிட்டன்னா எந்தப் பிட்டம்மான்னு ஒருத்தரு கேட்டுட்டாரு அண்ணி."

திருப்பதியிலிருந்து திருத்தணி போகும் பஸ் புத்தூரில் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் தன் அண்ணியிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். திருப்பதியில் பறவை பார்க்கிறவர்களின் கூட்டமாம், அன்றைக்கு இவள்தான் பேச்சாளர். பிட்டா என்று இங்கிலீஷில் ஒரு குருவி உண்டாம், அதைப் பற்றித்தான் பேச்சாம். தெலுங்கிலோ எல்லாக் குருவியும் பிட்டதான்.

"நீ இன்னா சொன்ன?"

"பிட்ட சார்னேன். அதாம்மா, எந்தப் பிட்டன்னாரு. பிட்டயேதான் சார்னேன். எல்லாம் சிரிச்சிக்கினு இருக்காங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அதத்தான நம்ம பக்கம் ஆறுமணிக் குருவின்னுவோம், அது கத்தறாப்பல விசிலடிச்சேன். ஓ, பொன்னங்கி பிட்டயான்னு கை தட்டிட்டாங்க. அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்காங்க."

"அவ்ளோ நல்லாவா அடிச்ச? எங்க, அடி பாக்கலாம்."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கணீரென்று இரண்டு விசில் கொடுத்தாள்.

டிரைவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். டீக்கடையிலிருந்து கண்டக்டர் கிளாஸும் கையுமாக ஓடி வந்துகொண்டிருந்தார்.