முடிக்கு ஒரு கட்டம்

— பொய்ப் பதிவு என்று நான் சொல்லவில்லை, அம்மா தேவயானி. நான் எழுதிய மென்பொருள் சொல்கிறது.

— அதை எழுதனவரு நீங்கதானே, வரதராஜன் சார்! ரெண்டு வருசமா இந்தத் திருப்பதில ஒவ்வொரு தலையா தேடிப் புடிச்சு, ஒயரு ஒட்டி, மூளையோட அலையைப் பதிஞ்சு வெச்சிக்கினு இருக்கறோம். அத்தனையும் ஒரே தட்டுல வெளிய தள்ளிட்டுதே!

— கோபப்படாதீர்கள். அதை விசாரிக்கத்தானே குப்பத்திலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கிறேன். முதலில் அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.

— இந்த வெயில்லயா? பாலையாண்ணா, ஃபேனை நிறுத்து. சாருக்குக் காத்து ஆவலியாம்.

— கேளுங்கள். குப்பம், சித்தூர், திருப்பதி, மூன்று ஆய்வுக்கூடமும் சேர்ந்து கட்டும் பொதுக் களஞ்சியம் இது. நாளை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராய்வார்கள். கண்டதையும் உள்ளே விடலாமா? மனிதத் தலை என்றால் பதிவில் இரைச்சல், அதாவது அலையில் கரகரப்பு, இருக்கும். உங்கள் பதிவில் மருந்துக்கும் இல்லை. கணினியே வரைந்த கோடு போல் இருக்கிறது.

— வர்றவங்க அல்லாரும் மலைமேல முடி குடுத்துட்டு எறங்கற ஆளுங்க சார். பஸ் ஸ்டாண்டாண்ட கேட்டுக் கூட்டியாறோம். பளபளன்னு மொட்டை. ஒயரு தோலுல பச்சக்குனு ஒட்டிக்கும். இரைச்சல் எங்கேர்ந்து வரும்?

— சூடண்டி சார், இங்க பாருங்க, சந்தனத்தைத் தொடைச்சுத் தொடைச்சு என் கையே மணக்குது. மோந்து பாருங்க.

— பாலையா, கையை எடுங்கள்.

— பர்வாலேது சார்.

— களஞ்சியத்துல வயசுக்கு ஒரு கட்டம் இருக்குது. எந்தக் கை பழக்கம்னு ஒரு கட்டம் இருக்குது. முடிக்கும் ஒண்ணு போடுங்க சார். ‘உண்டு’, இல்லன்னா ‘மொட்டை’. மொட்டைகிட்ட இரைச்சல் கேக்காதன்னு உங்க மென்பொருளுக்குச் சொல்லிடுங்க. தீந்துது.

— கட்டம் என்ன கறிவேப்பிலையா, கேட்டதும் கிள்ளிக் கொடுக்க? சான்று வேண்டும்.

— இப்பவே ஒரு மொட்டையைக் கூட்டியாந்து உங்க கண்ணெதுருலயே பதியறேன்.

— அது மொட்டையின் குணமா, அந்த மனிதரின் குணமா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரே தலை வேண்டும். முடியோடு ஒரு பதிவு, முடியில்லாமல் ஒரு பதிவு. அதுதான் முறை. அதுவும் இன்று மாலைக்குள். ஐந்து மணிக்குக் களஞ்சியத்தை மூடிவிடுவோம். உள்ளே இல்லாத பதிவு இல்லாத பதிவுதான்.

— எலி கணக்கெடுக்க வந்த கதையால்ல இருக்குது.

— எந்த எலி?

— மிருகங்களை எண்ண ஒரு எலி வந்துச்சாம். வால் இருந்தாத்தான் மிருகம்னு சட்டம் போட்டுச்சாம். தவளையைப் பாத்து, ‘நீ மிருகமே இல்ல, போ’ன்னுடுச்சாம்.

— பிறகு?

— அன்னிக்கே பொறியில மாட்டி வாலை வுட்டுட்டு வந்துச்சு. தன்னை எதுல சேக்கறதுன்னு இன்னிக்கும் முழிச்சிக்கினு கெடக்குதாம்.

— நல்ல கதை. எனக்குப் பொருந்தாது.

— அப்போ நீங்களே ஒக்காருங்க சார். ஒரே தலைதானே வேணும்? எவ்ளோ அடர்த்தி உங்களுக்கு! இந்த வயசுல எங்க நைனாவுக்கு மண்டை வெறும் தாம்பாளம்.

— நானா? இல்லை அம்மா. எனக்கு… வந்து… சளி பிடித்திருக்கிறது.

— சளி மூக்குலதானே? பாலையாண்ணா, ஒயரு வெச்ச தொப்பியை மாட்டு.

— மெதுவாக! இழுக்காதீர்கள்! மேலாக வையுங்கள்!

— பூ வெக்கறாப்புலதான் வெச்சிக்கினு இருக்கறேன் சார். மேடம், மென்பொருளை ஓட்டுங்க.

— என்னண்ணா இது, ஒரே கரகரப்பா இருக்குது?

— சார் கேட்ட இரைச்சல் வண்டி வண்டியா இருக்குது மேடம். ஆனா கீழ ஒண்ணு எழுதி வருது பாருங்க. ‘இந்தத் தலையில் மூளை தென்படவில்லை.’

— மென்பொருளில் ஏதோ பிழை!

— எங்களைத் தள்ளறப்ப அது சொன்னது சட்டம், உங்களைச் சொன்னா பிழையா?

— சார், கையைக் குடுங்க. நாடி அடிக்குது மேடம். ஆள் உசுரோடதான் இருக்கறாரு.

— வுடுண்ணா, நேரம் போவுது. தொப்பியை இங்க குடு. நான் ஒக்காரறேன். ஜடையோட ஒண்ணு எடு. அப்புறம் சலூன்காரருக்கு போன் போடு.

— மேடம்! தை மாசம் கண்ணாலத்தை வெச்சிக்கினு! புத்தூர்ல மாப்பிள்ள வூட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?

— வேண்டுதல்னு சொல்லிக்கறேன். முடி வளந்துடும்ணா. அந்த ஜனங்க பஸ்ஸைக் கூட வுட்டுட்டு ஒக்காந்து குடுத்த பதிவு குப்பைக்குப் போச்சுன்னா வருமா? போடு போனை.

— போட்டுட்டேன் மேடம். கத்தியோட கெளம்பிட்டாரு.

— நில்லுங்கள். அவரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

— ஏன் சார்? ஒரே தலை, ரெண்டு பதிவு. நீங்க கேட்ட முறைதானே?

— முறை அதேதான். தலைதான் வேறு. உங்கள் கட்டத்தையும் சேர்க்கிறேன் அம்மா. ஆனால், ‘உண்டு’, ‘மொட்டை’ என்ற இரண்டு விடை போதாது. மூன்றாவதாக ‘டோப்பா’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பாலையா, கதவைச் சாத்திவிட்டு வந்து இதைக் கொஞ்சம் பிடியுங்கள்.