மாஸ்ரர் எண்ணிய பிள்ளைகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஊர் ஒன்றியத் தலைவர் இக்னேசியஸ் அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலைக்கு லீவு எடுத்தும் எடுக்காமலும் மிசிசாகாவில் இருந்தும் றிச்மண்ட் ஹில்லில் இருந்தும் இந்த மழைக்குள்ளே வந்து சேர்ந்திருக்கும் வேலன்துறைச் சனங்களே, இரண்டாவது வரிசையில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் ஆடாமல் அசையாமல் இருக்கும் கல்லூரி சொஃப்ற்போல் அணிப் பிள்ளைகளே, அவர்களுடைய கோச் டோனா அவர்களே! எல்லாருக்கும் இந்த நவரட்ணத்தின் வணக்கம்.

ஸ்டெபனி பிள்ளை, அந்த அணியில் தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன் சிநேகிதிகளுக்கு நீதான் சொல்லிக் கொடுக்கவேண்டும். நான் மெதுவாகப் பேசுகிறேன். மெதுவாகவோ சுருக்கமாகவோ பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது இந்தச் சபைக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு எனக்கு வாய் அவ்வளவாக ஓடப்போவதில்லை.

அமரர் அன்புராசா மாஸ்ரர்! வேலன்துறை மகா வித்தியாலயத்தின் உடற்பயிற்சி ஆசிரியர் அன்புராசா மாஸ்ரர்! எங்கள் பெண் பிள்ளைகளின் கையில் எல்லே விளையாட்டுத் தடியைக் கொடுத்து, 'அடியடி பிள்ளை, பந்து உன்ர மாமனோ, பயப்பிடுறாய்?' என்று கேட்ட மாஸ்ரர்! இன்றைக்கு அவர் போய் முப்பத்தோராம் நாள். 'போய்' என்று நாக்கு சொல்கிறது. போனாரா? அதைப் பற்றித்தான் நான் பேசவேண்டும்.

அவர் எங்கள் வோபர்ன் வீட்டு பேஸ்மென்றில் நாலு வருடம் இருந்தார். கலியாணம் செய்யாத மனிதர். கனடாவுக்கு வந்தும் கனடாவுக்கு வராத மனிதர். இங்கே இருக்கிற எதையும் அவர் தன்னுடையது என்று சொன்னதில்லை. காற்றுக்குக்கூட எங்கள் ஊர்ப் பேர்தான். ஸ்காபரோவில் வடக்கே இருந்து குளிர் வந்தால், 'வாடை துடங்கீற்றுது, நவம்' என்பார். மழை பெய்தால், 'ஊரில இந்த நேரம் வெங்காயத் தறைக்குள்ள தண்ணி நிக்கும்' என்று கவலைப்படுவார். எந்த ஊர்? ஏழு வருடமாக ஒரு சனமும் போய் மிதிக்கமுடியாத ஊர்! அங்கே வெங்காயம் எங்கே, தறை எங்கே? ஆனால் அவருடைய கவலை உண்மையான கவலை. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் நாங்கள் எல்லாரும் ஊரை விட்டு ஓடினோம். அவர் மட்டும் இன்னும் ஓடி முடிக்கவில்லை என்று எனக்குப் படும்.

அப்படிப்பட்டவர் இந்த மண்ணில் ஒன்றே ஒன்றில் ஆசை வைத்தார். அது இந்தப் பிள்ளைகளின் விளையாட்டு.

கல்லூரியில் துப்புரவு வேலைக்குப் போனவர், ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. தேடிப் போனேன். கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். 'நவம், இஞ்ச பாரும். எல்லே! எங்கட எல்லே! தடி கொஞ்சம் மொத்தம், பந்து கொஞ்சம் பெரிசு, மற்றும்படி அதுதான்!' என்றார். எனக்கு எரிச்சல். கையில் தலையணை போல ஒரு உறை போட்டுக்கொண்டு பந்து பிடிக்கிறதும் ஒரு விளையாட்டோ என்று கேட்டேன். அவருக்குக் காது கேட்கவில்லை. அந்த மனிதரின் முகத்தில் நான் அன்றைக்குத்தான் முதல்முறை இந்த நாட்டில் பல்லைக் கண்டேன்.

அந்த வேலிக்கு வெளியே நின்ற மனிதரை உள்ளே கூப்பிட்டவர் கோச் டோனா அவர்கள். அம்மா, உங்களுக்கு எங்கள் ஊர் கடமைப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு மைதானத்தில் கோடு கீறுவது மாஸ்ரர். மட்டை துடைப்பது மாஸ்ரர். சம்பளம் இல்லை, பதவி இல்லை. மூன்றாவது பருவத்தில் பிள்ளைகள் காற்றைப் பார்த்து 'சோளகம், சோளகம்' என்று தங்களுக்குள் சொல்லத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையின் வாயில் எங்கள் சோளகக் காற்று! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அவர் இருந்தால் தானும் சிரிப்பார்.

இந்த விளையாட்டில் அவருக்கு எது பிடித்தது தெரியுமா? அடியும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒருத்தி பந்தை எறிந்தால், பிடிக்க நிற்பவளுக்குப் பின்னால் இன்னொருத்தி ஓடிப்போய் நிற்பாளாம். முன்னுக்கு நிற்பவள் விட்டாலும் பின்னுக்கு நிற்பவள் விடமாட்டாள். சோறு ஆறுவது தெரியாமல் அதையே சொல்லுவார். 'பாரும் நவம், ஒருத்தியையும் தனிய விடாத விளையாட்டு. இதை அப்பவே நான் கண்டிருந்தால்!'

அப்பவே கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

வேலன்துறைச் சனங்களே, உங்களுக்கும் தெரியும். பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூட எல்லே அணியில் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த ஆனி மாதப் பின்னேரம் மாவட்டப் போட்டிக்காகக் கடற்கரை மைதானத்தில் பயிற்சி நடந்தது. செல் குண்டுகள் விழத் தொடங்கின. மாஸ்ரர் விசில் ஊதி, பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் படுக்கவைத்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. திரும்பவும் எண்ணினார். பதினொன்று. பனைவடலி ஓரத்தில், ஆகத் தூரத்தில், தனியாக நின்ற பிள்ளை வரவில்லை. செல்லுக்குள்ளே எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. காயம்பட்ட பிள்ளையும் இல்லை, செத்த பிள்ளையும் இல்லை. மணல் மட்டும் இருந்தது.

அந்தப் பிள்ளையின் பெயர் ஜெயமலர். என்னுடைய மகள்.

அதற்குப் பிறகு மாஸ்ரரும் நானும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஒருநாளும் அவளுடைய பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை, நான் அவரிடம் சொன்னதில்லை. அவளுடைய படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை. இல்லை என்று ஒருவரும் வந்து சொல்லாத பிள்ளைக்கு எப்படி மாலை போடுவது? எந்தத் தகப்பன் போடுவான்?

ஆனால் மாஸ்ரர் எண்ணுவதை விடவில்லை. கல்லூரி அணியும் பதினொரு பேர்தான். ஒவ்வொரு ஆட்டமும் முடிய, பிள்ளைகள் மைதானத்தை விட்டு வரும்போது வாசலில் நின்று தொப்பியைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். 'ஒண்டு, ரெண்டு, மூண்டு...' பதினொன்றில் நிற்பார். வெறும் மைதானத்தின் இடதுபக்க மூலையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். 'எல்லாரும் வந்திட்டினமோ?' பிள்ளைகள் பகிடி என்று நினைத்து 'ஓம் மாஸ்ரர்!' என்று கத்துவார்கள். அந்த இரண்டு சொல்லும் இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம்.

செப்ரெம்பர் தொடக்கத்தில் ஒரு பயிற்சி முடிந்து, அவர் எண்ணினார், கேட்டார். 'ஓம் மாஸ்ரர்' என்றார்கள். இல்லை என்று தலையை ஆட்டினாராம். மைதான ஓரத்தில் பிள்ளைகள் இருக்கும் வாங்கிலில் போய் இருந்தார். பிறகு எழும்பவில்லை.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கமாட்டேன். நான் தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்தவன். முத்திரை ஒட்டாத கடிதத்தையே நம்பாதவன். பேய்க்கதை சொல்லி இந்தச் சபையை மயக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை.

அவர் போன பிறகு நடந்த முதல் ஆட்டம். மாஸ்ரருக்கு மரியாதையாக, அணித்தலைவி ஸ்டெபனி வாசலில் நின்று எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. பிழை என்று கோச் டோனா எண்ணினார். பன்னிரண்டு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த முகம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதினொரு பேர். தொப்பியைத் தொட்டு எண்ணினால் பன்னிரண்டு. அதற்கு அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான். நாலாவது ஆட்டத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டார்கள், பயத்தில். அம்மா, நான் கூட்டிச் சொல்கிறேனா? ஸ்டெபனி சொல்லிக் கொடுக்க, இல்லை என்று தலையாட்டுகிறார், பாருங்கள்.

இடையில் எட்டாம் நாள் படையல், எட்டுச்செலவு வந்தது. என் மனைவி இராஜேஸ்வரி மாஸ்ரருக்குப் பிடித்த நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் சமைத்து, பேஸ்மென்றில் இலை போட்டுப் படைத்தாள். முறைப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கதவைத் திறந்ததும் அவள் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே சொன்னாள். 'மனுசன் சாப்பிட வரேல்லையப்பா. அவர் இன்னும் கிரவுண்டில நிக்கிறார்.'

நான் ஏசினேன். இதெல்லாம் என்ன கதை என்று ஏசினேன்.

போன கிழமை ஸ்டெபனி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடதுபக்க மூலையில் நின்று விளையாடுகிறவள் அவள்தான். குசினிக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னாள். 'அங்கிள், ஐ ஸ்வேர், போன மட்ச்சில வந்த அந்தப் பந்தை நான் எறியேல்லை. அது என்னைத் தாண்டிப் போயிட்டுது. நான் திரும்பிப் பாக்க முதல், எனக்கு மேலால திரும்பி வந்திட்டுது. சம்வன் த்ரூ இற் பாக். எனக்குப் பின்னால வேலிதான் இருக்கு, அங்கிள். அங்க ஒருத்தரும் இல்லை.'

கறி கிண்டிக்கொண்டு நின்ற இராஜேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். 'தனியவோ பிள்ளை நிண்டவள்?' என்று கேட்டாள்.

ஸ்டெபனி 'அவள்' என்று சொல்லவே இல்லை. நிற்பது ஒரு பிள்ளை என்று அந்தக் குசினியில் ஒருவரும் சொல்லவில்லை.

சபையோரே! அன்றிலிருந்து நான் நித்திரை கொள்ளவில்லை. என்னை ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. மாஸ்ரர் இன்னும் ஏன் நிற்கிறார்? அவர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற மனிதரா? கணக்கு இப்போது சரியாக வருகிறது. பன்னிரண்டு. பன்னிரண்டாவது பிள்ளை வந்து நிற்கிறாள். ஆனாலும் அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏன்? அவளை அவர் எப்படிக் கூட்டிக்கொண்டு போவார்? உயிரோடு இருக்கிறாள் என்று தாயும் தகப்பனும் நம்பி வைத்திருக்கிற பிள்ளையை, பெற்றவர்களைக் கேட்காமல், ஒரு வாத்தியார் எங்கே கூட்டிப் போவார்? போட்டிக்குப் போவதென்றாலே வீடு வீடாக வந்து தகப்பன்மாரிடம் கையெழுத்து வாங்கின மனிதரல்லவா அவர்!

என்னுடைய சொல்லுக்காக நிற்கிறார்கள். இரண்டு பேரும்.

நான் அந்தச் சொல்லை ஏழு வருடம் விழுங்கி வைத்திருக்கிறேன். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினேன், சாத்திரம் கேட்டேன், கொழும்பில் இருந்து யார் வந்தாலும் படத்தைக் காட்டினேன். என் பிள்ளை எங்கேயோ ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறாள் என்று நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது. அவள் குளிரில், ஆருமில்லாத மைதானத்தின் மூலையில், கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தால் எப்படி இறங்கும்?

கொஞ்சம் முதல், கதிரை அடுக்கிய தம்பி வினோதனிடம் கேட்டேன். இரண்டாவது வரிசையில் அணிப் பிள்ளைகளுக்குக் கோச்சோடு சேர்த்துப் பன்னிரண்டு கதிரை போடச் சொன்னேனே, ஏன் பதின்மூன்று போட்டாய் என்று. 'அவை வந்து வாசலில நிக்கேக்க எண்ணித்தானே அண்ணை போட்டனான்' என்றான். திரும்பிப் பார்க்காதீர்கள். தயவுசெய்து ஒருவரும் அந்தக் கதிரையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பிள்ளை கூச்சப்படுவாள்.

ஒருவரை நினைத்துக் கூடினால், அவருடைய பணியைத் தொடருவோம் என்று உறுதி சொல்லிப் பிரிவது வழக்கம். நானும் சொல்கிறேன். டோனா அம்மா, இந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களுக்கும் அடுத்த பருவத்துக்கும் கோடு கீற நான் வருவேன். கோடு கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிய வாசலில் நின்று எண்ணுவதும் நான்தான். பதினொன்று வரும். பயப்படாதீர்கள் பிள்ளைகளே, இனிமேல் பதினொன்றுதான் வரும்.

தலைவர் அவர்களே, இரண்டு நிமிட மௌனம் வேண்டாம். ஏழு வருட மௌனம் போதும்.

மாஸ்ரர்! நவம் பேசுறன். எல்லாரும் வந்திட்டினம். அவளும் வந்திட்டாள். அவள் எங்களோட இல்லை, மாஸ்ரர், உங்களோடதான். தகப்பன் நான் சொல்லுறன், கூட்டிக்கொண்டு போங்கோ. கையை விடாதேங்கோ.

இஞ்சரும் இராஜேஸ்வரி, எழும்பி வாரும். பைக்குள்ள இருக்கிற பிள்ளையின்ர படத்தைக் கொண்டுவந்து மாஸ்ரரின்ர படத்துக்குப் பக்கத்தில வையும். அழாதையும். மாலை நான் ரெண்டு வாங்கினனான்.