உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு பூசை

ஹலோ… ஹலோ, லூர்து… டேய், அழாதடா. அழாத. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணும் ஆவல. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க… ஆமா. ஆமாடா, உயிரோடதான். மாதா மேல சத்தியமா… யாரு உனக்குப் போன் பண்ணது?… பிரிஸ்கில்லா சித்தியா? மைக்குல கேட்டுச்சாமா? வீட்டுல காபி குடிச்சிக்கிட்டே கேட்டுட்டு, கோயிலுக்கு ஒரு எட்டு வந்து பாக்காம உன்கிட்ட துக்கம் விசாரிச்சாங்களா!

…எங்க இருக்க இப்ப?… விழுப்புரத்துல பஸ் ஏறிட்டியா? டியூட்டி யூனிஃபார்மோடயா? ஐயோ… இல்லடா, பூசைக்காக போன சைலண்ட்ல போட்டிருந்தேன், இப்பதான் பாத்தேன். சரி, தண்ணி குடி. பக்கத்துல உக்காந்திருக்கறவர்கிட்ட சொல்லு, யாரும் சாவலன்னு… சொல்லு, பாவம், அவரும் பயந்திருப்பாரு.

என்ன நடந்துச்சா?… சொல்றேன், இரு. கோயில் பின்னாடி மாதா கெபிகிட்ட வந்து ஒளிஞ்சி நிக்கறேன். வெளிய மூஞ்சி காட்ட முடியல.

இன்னிக்கு அவங்க கல்யாண நாளுக்கு நான்தான பூசை சொல்லியிருந்தேன்? நீ ரெண்டு மடக்கு நாற்காலி வாங்கித் தர்றேன்ன, பீச்சு ரோட்டுல அந்தக் கட்டைச் சுவத்துல அப்பாவால உக்கார முடியலன்னு… மறந்துட்டு வந்துட்டியா? ஆமா, சாவுக்கு யாரு நாற்காலி தூக்கியாருவாங்க… சரி, கேளு. நான் புடவை பாத்தேன், சுவர்க் கடிகாரம் பாத்தேன், எதுவும் மனசுக்கு ஒட்டல. அம்மா ஆபரேஷன் முடிஞ்சி எழுந்து நடக்கறாங்களே, அதுக்கும் சேத்து ஒரு நன்றிப் பூசை, ரெண்டு பேர் பேரையும் சாமியார் வாயால படிக்கணும்னு… ஆமா, நீதான் சொன்ன, இதவிட நல்ல பரிசு இல்லன்னு… ஆமாமா.

படிச்சாருடா. நல்லாவே படிச்சாரு. "இறந்துபோன பிரான்சுவா, செலஸ்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக"ன்னு… சிரிக்காத… டேய், சிரிக்காதன்றேன்! ரெண்டு பேரும் முன் வரிசையில, புதுத் துணியில, அம்மா தலை நிறைய மல்லியோட உக்காந்திருக்காங்க. கோயிலே திரும்பிப் பாக்குது. சாமியார் ஊருக்குப் புதுசு, ஒண்ணும் புரியாம கண்ணாடியக் கழட்டறாரு. நம்ம அப்பா இருக்காரே, பள்ளிக்கூடத்துல ஆஜர் சொல்ற மாதிரி கையத் தூக்கி, "இருக்கோம் சாமி"ன்னுட்டாரு… ஆமா, எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. அப்பா கையப் புடிச்சவங்க, பூசை முடியற வரைக்கும் விடல.

…இப்பவா? அப்பா வாசல்ல நின்னு மிட்டாய் குடுக்கறாரு, மோட்சத்துலேர்ந்து கொண்டாந்ததுன்னு சொல்லி. என்கிட்டயும் "அகஸ்டினா, நீயும் எடுத்துக்கோம்மா"ன்னு நீட்டுனாரு. அம்மா எங்க போனாங்கன்னு பாக்கல… அவங்க முகத்த நான் எப்படிடா பாப்பேன்?

…யார் தப்பா? கோயில்பிள்ளை சவரிநாதன் தப்பு! பூசைக்குப் பேரு வாங்கி சாமியார்கிட்ட குடுக்கறது அவர்தான?… விட்டேனா? வாசப்படியிலயே நிக்க வெச்சிக் கேட்டேன். "உயிரோட இருக்கறவங்கள சாவடிக்கறதுக்கா கோயில் வேலை பாக்கறீங்க"ன்னு… ஆமா, எல்லார் எதிர்லயும்தான்… தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. "தப்பு நடந்துபோச்சும்மா"ன்னாரு, அவ்ளோதான்… வயசானவர்தான்டா, அதுக்காக?… சரி, சரி, கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்… நான் என்ன அனுப்புனேனா? நன்றிப் பூசைன்னுதான் அவருக்கு அனுப்புனேன். வாட்ஸ்அப்புல இருக்குது. இரு, படிச்சே காட்டறேன். வெச்சிடாத…

…

…லூர்து.

…இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

நான்தான்டா.

…மாசாமாசம் எங்க மாமியாருக்கு ஒரு பூசை சொல்லுவேன் இல்ல? அந்த மெசேஜையே எடுத்து, பேர மட்டும் மாத்திப் போட்டிருக்கேன். முன்னாடி "இறந்துபோன" அப்படியே இருக்குது. பின்னாடி "ஆன்ம இளைப்பாற்றி"யும் இருக்குது. கீழ ரெண்டு கை கும்புடற பொம்மை வேற… அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா பேரு தெரியாது, மில்லுக்காரர்னாதான் தெரியும் அவருக்கு… அவசரந்தான், ஆபீஸுக்கு நேரமாச்சி… ஆமா. யோசிச்சி யோசிச்சி எடுத்த பரிசு. ஒரு வரி புதுசா அடிக்க எனக்குக் கை வரல.

போன் அவர் சட்டைப் பையிலதான்டா இருந்துச்சி. எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டியிருக்கலாம். காட்டல… வெக்கமா இருக்குதுடா. நின்ன எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிடலாம்போல இருக்குது.

நீ அம்மாகிட்ட சொல்லாத… நானும் சொல்ல வேணாமே. எல்லாரும் அவர் தப்புன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. அப்படியே விட்டுட்டா… ஆங், தெரியுது. தெரியுதுடா. கத்தாத.

…இரு. அம்மா.

போன்ல இல்ல. தோ, மணிக் கோபுரத்துகிட்ட நிக்கறாங்க. சவரிநாதன்கூட. மிட்டாய் நீட்டறாங்க, அவர் வாங்க மாட்டேன்றாரு… இரு, கேக்கறேன்… "மன்னிச்சிடுங்கம்மா, என் தப்புதான்"றாரு. என் பேரயே எடுக்கலடா… அம்மா அவர் கையப் புடிச்சி மிட்டாய வெக்கறாங்க. "விடுங்க, நானும் மறக்கறவதான், உங்கமேல ஒண்ணும் நெனைக்கல"ன்றாங்க.

அம்மா அவர மன்னிக்கறாங்கடா, லூர்து.

…இல்ல. இதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது… வாசல்ல இன்னும் ஜனம் இருக்குது, தெரியும். இருக்கட்டும். அவங்க எதிர்லதான திட்டுனேன்… நீ வா. பஸ்ஸ விட்டு எறங்கிடாத, வா. வெச்சிடறேன்…

அம்மா! அம்மா, அவர் இல்லம்மா…