ஜெபத்தில் முதல் பெயர்

கம்ப்யூட்டர் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது, பாஸ்டர். உங்கள் மகள் கேசியாதான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு மாலை ஜெபம் உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் நைனா கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க ஷோபா எங்க கீறாளோ, காப்பாத்தும்" என்றுதான் தொடங்குவார். ஷோபா என் தங்கை. ஹேமநாத்தைக் கட்டிக்கொண்டு போனபோது, பெற்ற மகளைப் பார்த்து இந்த வாசலை மிதிக்காதே என்றவரும் அவர்தான். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷம் முதல் பெயர் அவளுடையது. பிறகு சபை, நாடு, மழை, நோயாளிகள். எல்லாம் முடிந்து, ஆமென் சொல்லும் முன் "மணியையும்" என்பார். அவ்வளவுதான் நான்.

இடுப்பு எலும்பு முறிந்தபோது அவரை மடியில் கிடத்திப் புத்தூர் கட்டுக்குக் கொண்டுபோனவள் நான். என் கல்யாணப் பேச்சை எடுக்க அவருக்கு நேரமே வாய்க்கவில்லை. நான் ஊட்டிய கஞ்சியை விழுங்கிக்கொண்டே, "ஷோபா இந்நேரம் துன்னாளோ இல்லியோ" என்பார். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

இந்த வருஷம் ஜனவரியில் அவளைத் தேடச் சொன்னார். வெளிநாடுகளில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இணையத்தில் கிடைக்கும் என்றாள் கேசியா. மூன்று வாரம் தேடினேன். கேசியா இல்லாத ஒரு நாளில், பிறந்த தேதி, பிறந்த ஊர் சித்தூர், கணவன் பெயர் எல்லாம் பொருந்தி ஒருத்தி கிடைத்தாள். அவள் குடியேறிய ஊரின் தமிழ்ச் சபைக்கு எழுதி அவள் ஈமெயில் விலாசத்தை வாங்கினேன். நான் எழுதிய மறுநாளே பதில் வந்தது. "நைனா கீறாராக்கா?"

இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமானார், கடைசிவரை உன் பெயரை எடுக்கவில்லை என்று எழுதினேன். இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

நம் சபையில் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் ஜெபிப்போம், செத்தவர்களுக்கு இல்லை. நைனா அதில் கறார். ஆகவே அவரிடம் போய், ஷோபா இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் போட்டிருக்கிறது என்றேன்.

"சரியா பாத்தியா மணி?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன் என்றேன். நீங்கள் நினைவு ஆராதனை நடத்தினீர்கள். வேதபாடம் நான் வாசித்தேன்.

அன்று மாலையும் பாட்டுப் பாடினோம். முதல் பெயர் வர வேண்டிய இடத்தில் நைனா நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் பத்தொன்பது நாளும் அப்படித்தான். கஞ்சியும் இறங்கவில்லை. இருபதாம் நாள் அடக்கம் செய்தோம்.

வியாழக்கிழமை ஷோபா ரேணிகுண்டாவில் வந்து இறங்குகிறாள். நைனாவின் கல்லறையைப் பார்க்க வேண்டுமாம். கல்லில் இந்த வருஷம் போட்டிருக்கிறது, அவள் படிக்கத் தெரிந்தவள். அதனால்தான் முந்திக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

எனக்கு வருத்தமில்லை, பாஸ்டர். அந்தப் பத்தொன்பது நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.